நான்கு ரவுட்டரும் ஒரு லேப்டாப்பும்

அன்புள்ள கண்ணுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. சிஸ்கோவின் சிசிஎன்ஏ நெட்வொர்க் தேர்வுக்குப் படிக்கிறாய் என்று அண்ணன் போனில் சொன்னதில் மிகவும் சந்தோஷம். முள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. அங்கிருந்து ஒரு பெண் நெட்வொர்க் வேலைக்குக் கிளம்புகிறாள் என்றால் அத்தைக்குப் பெருமைதான். அதனால்தான் உன் கேள்விக்கு வாட்ஸப்பில் இரண்டு வரியில் பதில் போடாமல் இந்தக் கடிதம்.

கூடப் படிப்பவர்கள் டெலிகிராமில் ஒரு பெரிய ஃபைலைப் பகிர்ந்திருக்கிறார்கள், எல்லாக் கம்பெனி ரவுட்டர் இமேஜும் அதில் இருக்கிறதாம், இறக்கி லேப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாய். இறக்காதே. உன்னிடம் இருக்கும் 8 ஜிபி லேப்டாப்பில் முறைப்படி, காசு கொடுக்காமல் ஓட்டக்கூடிய சின்ன இமேஜ்களே போதும். எந்த இமேஜ் கையில் இருக்கிறது என்பதைவிட, அதை எத்தனை விதமாகக் கெடுத்து எத்தனை முறை சரிசெய்கிறாய் என்பதுதான் தேர்வறையிலும் வேலையிலும் உன்னைக் காப்பாற்றும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ஒரு காலத்தில் இந்தத் தேர்வுக்குப் படித்தவர்கள் சிஸ்கோவின் 2500, 2600 வரிசைப் பழைய ரவுட்டர்களை விலைக்கு வாங்கி வீட்டில் அடுக்கிவைத்தார்கள். பெட்டி விலை ஒருபக்கம், மின்சாரச் செலவு ஒருபக்கம், விசிறிச் சத்தம் வேறு. 2005 ஆகஸ்டில் பிரான்ஸில் கிறிஸ்டோஃப் ஃபில்லோ என்பவர் டைனமிப்ஸ் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். சிஸ்கோ 7200 ரவுட்டருக்குள் இருந்த மிப்ஸ் வகைச் செயலி செய்யும் வேலையைச் சாதாரணக் கணினியிலேயே அது செய்துகாட்டியது. உண்மையான ரவுட்டரில் ஓடும் ஐஓஎஸ் என்ற இயங்குதளம் அப்படியே கணினியில் ஓடியது. ரவுட்டர் சும்மா இருக்கும்போதும் கணினியின் செயலி நூறு சதவீதம் ஓடும். அதைத் தணிக்க 'ஐடில்-பிசி' என்ற ஓர் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்த எண்ணைத் தேடியே பல இரவுகளைக் கழித்தார்கள். பிறகு ஜெரமி கிராஸ்மன் அதற்கு ஜிஎன்எஸ்3 என்ற வரைபட முகத்தைக் கொடுத்தார். ரவுட்டரை இழுத்துத் திரையில் போட்டு, கோடு போட்டு இணைக்கும் வழக்கம் அங்கிருந்து பரவியது.

இன்று அந்தச் சாகசம் தேவையில்லை. ரவுட்டர் செய்யும் கம்பெனிகளே தங்கள் ரவுட்டரை விர்ச்சுவல் மெஷினாகத் தருகின்றன. ரவுட்டரின் இயங்குதளம் முழுவதும் ஒரே வட்டுக் கோப்பில் அடங்கிவிடுகிறது. அந்தக் கோப்பைத்தான் இமேஜ் என்கிறோம். இதைப் பயிற்சிக்கான பொம்மை என்று நினைத்துவிடாதே. சிஸ்கோவின் சிஎஸ்ஆர் 1000வி என்ற இமேஜ் மேகக்கணினிகளில் உண்மையான ரவுட்டராக வேலை செய்வதற்கென்றே செய்யப்பட்டது. இப்போது அதன் இடத்தை கேட்டலிஸ்ட் 8000வி எடுத்துக்கொண்டது. பெரிய கம்பெனிகள் தங்கள் அலுவலகத்தையும் மேகக்கணினியையும் இணைக்க இதைத்தான் வாடகைக்கு ஓட்டுகின்றன. நீ மேசையில் பழகுவது நாளை சம்பளத்துக்குச் செய்யும் வேலையின் அதே பொருள்.

சிக்கல் நினைவகத்தில்தான் வருகிறது. சிஎஸ்ஆர் 1000வி ஒன்றுக்கே 4 ஜிபி வேண்டும். நான்கு ரவுட்டர் போட்டால் 16 ஜிபி. உன் லேப்டாப்பில் இருப்பதே 8, அதில் விண்டோஸ் பாதியைத் தின்றுவிடும். டெலிகிராம் மூட்டையில் இருக்கும் இமேஜ்களில் பாதி உன் கணினியில் கண்ணைக்கூடத் திறக்காது. ஒன்றைத் திறந்தாலும், இரண்டாவதைத் திறக்கும்போது எல்லாம் உறைந்து நிற்கும்.

அதை இறக்க வேண்டாம் என்பதற்கு இது மட்டும் காரணம் இல்லை. அந்த இமேஜ்களைக் கண்டவர்கள் பகிர அந்தக் கம்பெனிகளின் உரிமம் இடம் தரவில்லை. யார் கையெல்லாம் பட்டு வந்த கோப்பு, உள்ளே எதையாவது செருகியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க உனக்கு வழியும் கிடையாது. கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கும்போது செக்ஸம் என்று ஒரு நீண்ட எண்வரிசை கூடவே கொடுப்பார்கள். இறங்கிய கோப்புக்கு அதே எண் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். யாரோ கட்டிய மூட்டைக்கு அப்படி எதுவும் இல்லை. அப்பாவின் வங்கிக் கணக்கைப் பார்க்கும் அதே லேப்டாப்பில் அதை ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பார். பாதுகாப்பைப் பாடமாகப் படிக்கும் பெண் முதல் நாளே அதை மீறித் தொடங்கக் கூடாது.

சரி, எதை இறக்குவது? மைக்ரோடிக் என்ற லாட்வியா நாட்டுக் கம்பெனியின் சிஎச்ஆர் இமேஜிலிருந்து தொடங்கு. அந்தக் கம்பெனி 1996-இல் ரிகா நகரில் தொடங்கியது. நம் பக்கத்துச் சிறு ஊர்களில் கேபிள் டிவியோடு இணைய இணைப்பும் கொடுக்கிறவர்கள் பலரிடம் இந்த ரவுட்டரைப் பார்க்கலாம். சிஎச்ஆர் இமேஜ் நூறு எம்பிக்குள் இறங்கிவிடும், மொபைல் டேட்டாவே போதும். ஒரு ரவுட்டருக்கு 256 எம்பி நினைவகம் கொடுத்தால் ஓடும். நான்கு ரவுட்டருக்கு மொத்தமே 1 ஜிபிதான். இலவச உரிமம் காலாவதி ஆவதில்லை. ஒரே கட்டுப்பாடு, ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் வெளியே போகும் வேகம் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. அதனால் பயிற்சிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஓஎஸ்பிஎஃப் என்ற வழி கண்டுபிடிக்கும் முறையில் ரவுட்டர்கள் 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் ஹலோ பாக்கெட் நூறு பைட் அளவுதான் இருக்கும். படம் பார்க்கவா ரவுட்டர் போடுகிறோம்?

இரண்டாவது, எஃப்ஆர்ஆர். லினக்ஸில் ஓடும் திறந்த மென்பொருள் இது. குவாகா என்ற பழைய திட்டத்திலிருந்து 2017-இல் பிரிந்து வந்தது. இதன் கட்டளைகள் சிஸ்கோவின் கட்டளைகளைப் போலவே இருக்கும். 'கான்ஃபிகர் டெர்மினல்', 'ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்', 'ஷோ ஐபி ரூட்' எல்லாம் அப்படியே. தேர்வுக்கு விரல் பழக இது நல்லது. ஜிஎன்எஸ்3-க்குள் இதை ஏற்கெனவே தயார்செய்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர். நெட்வொர்க்கிங் அகாடமியில் பெயர் பதிந்தால் இலவசம். இதைத் தள்ளிவைத்துவிடாதே. 'அது வெறும் போலி, உண்மையான இமேஜ்தான் வேண்டும்' என்று சில பையன்கள் சொல்வார்கள். சிசிஎன்ஏ 200-301 பாடத்திட்டத்தை எடுத்துப் பார். ஐபி கனெக்டிவிட்டி 25 சதவீதம், நெட்வொர்க் அடிப்படை 20, நெட்வொர்க் ஆக்சஸ் 20, பாதுகாப்பு 15, ஐபி சேவைகள் 10, ஆட்டோமேஷன் 10. நெட்வொர்க் ஆக்சஸ் என்றால் விலான், ட்ரங்க், ஸ்பேனிங் ட்ரீ, ஈதர்சேனல், வயர்லெஸ். பெரும்பாலும் ஸ்விட்ச் சமாச்சாரம். ரவுட்டர் இமேஜை மட்டும் வைத்துக்கொண்டு அந்த 20 சதவீதத்தைத் தொடக்கூட முடியாது. ஸ்விட்சுக்குப் பாக்கெட் ட்ரேசர், ரூட்டிங்குக்கு இமேஜ் என்று பிரித்துக்கொள். பாக்கெட் ட்ரேசர் ஒரு பாவனைதான், அதை எழுதியவர்கள் சேர்த்த கட்டளைகள் மட்டுமே அதில் வேலை செய்யும். உண்மையான ரவுட்டர் இமேஜில் அந்த எல்லை இல்லை. ரவுட்டர் தவறாக நடந்துகொள்ளும் விதம்கூட உண்மையாகவே இருக்கும்.

சிஸ்கோவின் சொந்த இமேஜையே பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கும் நேர்வழி உண்டு. சிஸ்கோ மாடலிங் லேப்ஸுக்கு இலவசப் பதிப்பு ஒன்றை விட்டிருக்கிறார்கள். ஐந்து கருவிகள் வரை ஓட்டலாம், சிஸ்கோ தளத்தில் கணக்கு இருந்தால் போதும். அதற்கு 8 ஜிபியைத் தனியாக ஒதுக்கவேண்டும் என்பதால் உன் லேப்டாப் தாங்காது. கல்லூரிக் கணினிக்கூடத்தில் 16 ஜிபி கணினி இருந்தால் பொறுப்பாசிரியரிடம் கேட்டு ஒன்றில் போட்டுக்கொள். தயங்காமல் கேள். இந்த மாதிரி விஷயத்துக்கு 'முடியாது' என்று சொல்லும் ஆசிரியர் குறைவு.

இந்த இமேஜ்களை ஓட்ட ஜிஎன்எஸ்3-ஐ உன் லேப்டாப்பில் போடுவதற்கு முன் ஒரு சோதனை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தொட்டால் கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அது 'டிசேபிள்டு' என்று காட்டினால் பயாஸில் போய் இயக்கவேண்டும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். இது தெரியாமல் 'இமேஜ் ஓடவில்லை' என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

இனி உண்மையான வேலை. ஜக்கார்டு புடவைக்கு டிசைனைக் கட்டம் போட்ட தாளில் எழுதி முடிக்காமல் யாரும் அட்டை குத்த உட்காரமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். நெட்வொர்க்கும் அப்படியே தாளில்தான் தொடங்கவேண்டும். நான்கு ரவுட்டரைச் சதுரமாக வரை. ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு, நான்கிலிருந்து மறுபடி ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு /30 முகவரித் துண்டு, ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு லூப்பேக் முகவரி. எல்லாவற்றையும் கையால் கணக்குப் போட்டு எழுது. சப்நெட் கணக்கைத் தேர்வில் கால்குலேட்டர் இல்லாமல் போடவேண்டும். இந்தத் தாளில் பழகும் கை அங்கே நிற்காது.

தாளில் வரைந்ததை ஜிஎன்எஸ்3-இல் கட்டி, ஓஎஸ்பிஎஃப் ஓடி, எல்லா ரவுட்டரும் எல்லா லூப்பேக்கையும் பிங் செய்ய முடிந்ததும் பலர் 'லேப் முடிந்தது' என்று மூடிவிடுகிறார்கள். அத்தை சொல்கிறாள், லேப் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு பக்கத்தில் ஏரியா எண்ணை 0-விலிருந்து 1 ஆக்கு. அண்டை ரவுட்டர் பட்டியலிலிருந்து காணாமல் போகும். அதைத் திருப்பி வை. அடுத்து ஹலோ இடைவெளியை ஒரு பக்கம் மட்டும் 10-லிருந்து 15 ஆக்கு. மறுபடியும் உறவு அறுந்துபோகும், ஆனால் உடனே அல்ல. டெட் டைமர் 40 விநாடி முடியும்வரை எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். அந்த 40 விநாடியை உட்கார்ந்து பார். பிறகு ஹலோவை 10-க்கே திருப்பி வை. அதற்கடுத்து ஒரு பக்கம் எம்டியுவை 1500-லிருந்து 1400 ஆகக் குறைத்து, உறவைப் புதிதாகத் தொடங்க வை. இந்தமுறை அண்டை ரவுட்டர் மறையாது. பட்டியலில் இருக்கும், ஆனால் நிலை 'எக்ஸ்ஸ்டார்ட்' என்றோ 'எக்ஸ்சேஞ்ச்' என்றோ சிக்கி நிற்கும், 'ஃபுல்' ஆகாது. தவறு மூன்று, அறிகுறியும் மூன்று. வேலைக்கான நேர்காணலில் 'ஓஎஸ்பிஎஃப் அண்டை உறவு வரவில்லை, என்ன பார்ப்பாய்?' என்ற கேள்விக்குப் புத்தகத்தை ஒப்பித்தவர் சொல்லும் பதிலும், இந்த மூன்றையும் கண்ணால் பார்த்தவர் சொல்லும் பதிலும் கேட்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தவறுக்கும் நோட்டில் இரண்டு வரி எழுது. என்ன மாற்றினாய், எந்தக் கட்டளையில் எந்த வரி உன்னைத் தவறிடம் கொண்டுபோனது. இன்னொரு வழியும் நல்லது. தோழி ஒருத்தியை உட்காரவைத்து, நீ வெளியே போய்விட்டு வருவதற்குள் ஏதாவது ஒன்றைக் கெடுத்துவைக்கச் சொல். எங்கே என்று தெரியாமல் தேடுவதுதான் உண்மையான பயிற்சி.

இதே நான்கு ரவுட்டரை வைத்து உலகத்தையே ஒரு ராத்திரி தடுமாறவைத்த சம்பவம் ஒன்றையும் நீ செய்துபார்க்கலாம். 2008 பிப்ரவரி 25, நம் நேரப்படி நள்ளிரவு 12.17 மணி. யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், 208.65.153.0/24 என்ற முகவரித் துண்டு தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. உள்ளூருக்கென்று போட்ட அறிவிப்பு, மேலிணைப்புக் கம்பெனியான பிசிசிடபிள்யூ வழியாக உலகத்துக்கே போய்விட்டது. யூடியூப் அறிவித்துக்கொண்டிருந்தது 208.65.152.0/22. ரவுட்டருக்கு ஒரு முகவரிக்கு இரண்டு வழி தெரிந்தால், மாஸ்க் நீளமான வழியைத்தான் எடுக்கும். /22-ஐவிட /24 குறிப்பானது. உலகின் பெரும்பகுதியிலிருந்து யூடியூபுக்குப் போகவேண்டிய போக்குவரத்து பாகிஸ்தானை நோக்கித் திரும்பி, அங்கேயே செத்தது. 1.37-க்கு யூடியூபும் /24 என்று அறிவித்தது. 1.48-க்கு அதையும் இரண்டு /25 ஆகப் பிளந்து அறிவித்தது. 2.31-க்கு பிசிசிடபிள்யூ தவறான அறிவிப்பைத் திரும்பப் பெற்ற பிறகுதான் நிலைமை சீரானது.

உன் லேபில் முதல் ரவுட்டரில் 10.65.152.0/22-க்கு ஒரு பிளாக்ஹோல் ஸ்டாட்டிக் ரூட் எழுதி, ஸ்டாட்டிக் ரூட்களை ஓஎஸ்பிஎஃப்-க்குள் விடு. இது சிசிஎன்ஏ பாடத்துக்கு ஒரு படி மேலே, ஆனால் கடினம் இல்லை. நான்காவது ரவுட்டரின் ரூட்டிங் டேபிளில் அது முதல் ரவுட்டரை நோக்கிப் போவதைப் பார். இப்போது மூன்றாவது ரவுட்டரில் 10.65.153.0/24-ஐ அதேபோல் விடு. நான்காவது ரவுட்டரில் 153-க்கான வழி மட்டும் மூன்றாவதை நோக்கித் திரும்பியிருக்கும். பிறகு முதல் ரவுட்டரில் இரண்டு /25 எழுது. வழி திரும்பி வரும். யூடியூபின் பொறியாளர்கள் அன்று செய்த அதே வேலையை முள்ளிப்பட்டு வீட்டில் நீ செய்து பார்த்தாகிவிட்டது. 'லாங்கஸ்ட் மேட்ச்' என்ற தலைப்பு அதன்பிறகு மறக்காது.

இது 2008-இன் பழங்கதை என்று விட்டுவிடாதே. 2021 ஏப்ரல் 16-ஆம் தேதி வோடஃபோன் ஐடியாவின் நெட்வொர்க்கிலிருந்து தனக்குச் சொந்தமில்லாத 30,000-க்கும் மேற்பட்ட முகவரித் துண்டுகள் அறிவிக்கப்பட்டன. நம் நாட்டிலேயே நடந்தது. 2022 ஜூலை 8-இல் கனடாவின் ராஜர்ஸ் கம்பெனியில் ஒரு ரவுட்டரிலிருந்து வடிகட்டி ஒன்றை நீக்கினார்கள். வழித்தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மையத்து ரவுட்டர்கள் திணறின. 1 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பில்லாமல் தவித்தார்கள், அவசர எண்ணுக்கும் பலரால் பேச முடியவில்லை. வடிகட்டியை நீக்கினால் என்ன ஆகும் என்பதை யார் வீட்டு போனும் அறுந்துபோகாத இடத்தில் கற்றுக்கொள்ளத்தான் இந்த இமேஜ்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டுபோகும் பாரத்நெட் வேலையை டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. அந்தக் கம்பிகளின் முனைகளில் இருக்கும் ரவுட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் நம் ஊர்ப் பெண்ணாக இருந்தால் என்ன?

ஊரில் கரண்ட் போவது பற்றி ஒரு வார்த்தை. சிஸ்கோவிலும் எஃப்ஆர்ஆரிலும் 'ரைட் மெமரி' கொடுக்காமல் அணைந்தால் உழைத்ததெல்லாம் போய்விடும். மைக்ரோடிக் ஒவ்வொரு கட்டளையையும் உடனே சேமித்துக்கொள்ளும். அதில் வேறு ஆபத்து: தவறும் உடனே சேமிக்கப்பட்டுவிடும். கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் 'சேஃப் மோட்' வரும். அதில் இருக்கும்போது இணைப்பு அறுந்தால் செய்த மாற்றங்கள் தானே திரும்பிவிடும். எதுவானாலும் நாள் முடிவில் கான்ஃபிகை எழுத்துக் கோப்பாக எடுத்து, தேதி போட்டு வை. இமேஜ் கெட்டுப்போனாலும் கோப்பை ஒட்டி ஐந்து நிமிஷத்தில் லேபை எழுப்பிவிடலாம்.

தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. அப்பாவும் அம்மாவும் தறியில் உட்கார்ந்து சம்பாதிக்கும் பணம். தவறினால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம், ஆனால் கட்டணத்தை மறுபடி முழுசாகக் கட்டவேண்டும். தேர்ச்சி பெற்றால் மூன்று வருஷம் செல்லும். அதனால் தேதியை முதலில் பதிவுசெய்துவிட்டுப் பிறகு படிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஒரு மாசம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. தோழி கெடுத்துவைத்த லேபை நோட்டைப் பார்க்காமல் சரிசெய்ய வருகிறதா, அப்போது பணம் கட்டு. 'டம்ப்' என்று கேள்வித்தாள் விற்கிறவர்கள் பக்கமே போகாதே. கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்துசெய்ய சிஸ்கோவுக்கு உரிமை உண்டு. கண்டுபிடிக்காவிட்டாலும், ராத்திரி இரண்டு மணிக்கு லிங்க் விழுந்த நேரத்தில் அந்தக் கேள்வித்தாள் உதவிக்கு வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முகவரித் திட்டத்தோடு அந்தச் சதுரத்தை வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு. ஜிஎன்எஸ்3 போடும்போது எங்காவது சிக்கினால் திரையையும் எடுத்து அனுப்பு. மாலை ஏழு மணிக்கு மேல் அத்தைக்கு நேரம் இருக்கும், போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அண்ணனுக்கும் அண்ணிக்கும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அத்தை